மறைந்திருக்கும் குழாய்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேரின் உயரம் காண்போர் கண்ணைக் கவரும். சிற்பம் செறிந்த அதன் தட்டுகள் உள்ளத்தை ஈர்க்கும். வடமும் சக்கரமும் வியப்பூட்டும். ஆனால், சக்கரம் கழன்று விழாமல் காக்கும் சிறிய ஆணியை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது முறிந்த பின்னரே அதன் அருமை புலனாகும். தேருக்கு மட்டுமன்று, மனிதன் படைத்த பொறிகள் அனைத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இக்காலத்துக் கார் பல்லாயிரம் உறுப்புகளால் ஆனது. அவற்றுள்ளும் விலையுயர்ந்த சொகுசுக் கார்கள் பொறியியல் திறத்தின் உச்சியில் நிற்பனவாகக் கருதப்படுகின்றன. அவற்றின் எஞ்சின் நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் உடையது. இருக்கைகள் மெல்லிய தோலால் போர்த்தப்பட்டவை. ஓட்டுபவர் அறிய வேண்டிய செய்திகளைக் கணிப்பொறிகள் நொடிதோறும் திரட்டித் தருகின்றன. இத்தகைய கார் ஒன்று, நெடுஞ்சாலையின் ஓரத்தில், முன்புறத்திலிருந்து ஆவி எழ, அசைவற்று நிற்பதுண்டு. அதனை நிறுத்தியது பெரியதோர் உறுப்பின் சிதைவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. எஞ்சினின் மேற்புறத்தில், கண்ணுக்குப் புலப்படாத பள்ளத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் குழாயின் வெடிப்பே அதற்குப் போதும். அக்குழாயின் வரலாறு, பொருள்களைத் தேர்ந்தெடுப்போர் அனைவரும் அறியவேண்டிய ஒரு பாடமாகும்.

எஞ்சினுக்குள் நிகழ்வது இடைவிடாத எரிதல். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சிலிண்டருள் எரியும்பொழுது, அங்குத் தோன்றும் வளியின் வெப்பநிலை செல்சியஸ் அளவையில் 2,000 பாகையையும் கடக்கிறது. எஞ்சினின் தலைப்பகுதியோ இந்நாளில் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் வார்க்கப்படுகிறது. தூய அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். அவ்வாறிருந்தும் எஞ்சின் உருகாமல் பல்லாண்டு உழைப்பதற்குக் காரணம், சிலிண்டரின் சுவர்களைச் சூழ்ந்து ஓடும் நீர்மமேயாகும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை அந்நீர்மமே ஏந்திச் சென்று வெளிக்காற்றில் சேர்க்கிறது. உடலுக்குக் குருதி எத்தகையதோ, எஞ்சினுக்கு அந்நீர்மம் அத்தகையது; அது செல்லும் குழாய்களே அதன் நாளங்கள்.

இவ்வுண்மையை மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தவர் துன்பப்பட்டுக் கற்றனர். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் என்பவர் 1885ஆம் ஆண்டில் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டியை உருவாக்கி, 1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் அதற்குக் காப்புரிமை வேண்டினார். அவ்வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதனாலேயே எஞ்சின் குளிர்ந்தது. ஆதலின், அடிக்கடி புது நீர் ஊற்ற வேண்டியதாயிற்று. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவரையும் உடன்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள பிஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு வண்டியைச் செலுத்திச் சென்றார். வழியெங்கும் நீர் தேடி நிரப்பிக்கொண்டே அவர்கள் செல்ல நேர்ந்தது. பின்னர், 1900ஆம் ஆண்டின் இறுதியில், வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியியல் அறிஞர் மெர்சிடிஸ் வண்டிக்கெனத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட நுண்குழாய்களைக் கொண்ட அவ்வமைப்பில், காற்று விரைந்து புகுந்து நீரின் வெப்பத்தைக் கவர்ந்து சென்றது. குறைந்த நீரே மீண்டும் மீண்டும் சுழன்று பயன்படும் முறை அதனால் சிறப்புற்றது.

இன்றைய காரிலும் அச்சுழற்சியே நிகழ்கிறது. பம்பு ஒன்று நீர்மத்தை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சூழ்ந்த வழிகளில் ஓடி வெப்பத்தை ஏற்கிறது. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையும்வரை தெர்மோஸ்டாட் என்னும் கதவு மூடியிருக்கும்; அடைந்ததும் அது திறந்து, நீர்மத்தை ரேடியேட்டருக்கு அனுப்பும். அங்குக் குளிர்ந்த நீர்மம் மீண்டும் பம்பினை வந்தடையும். வெறும் நீர் குளிர்நாடுகளில் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும். ஆதலின் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளும் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் நீரில் சேர்க்கப்படுகின்றன. இக்கலவையே ‘கூலண்ட்’ என வழங்குவது. கிளைக்காலும் நீரும் சமபங்காகச் சேர்ந்த கலவை, சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 37 பாகை வரை உறையாது. இறுக மூடிய கலத்தில் அழுத்தத்தோடு இருப்பதனால், 120 பாகையைக் கடந்தும் அது கொதியாமல் இருக்கவல்லது. வெப்பமும் அழுத்தமும் ஒருங்கே உடைய இந்நீர்மத்தை இரவு பகல் சுமப்பதே குழாயின் தொழில்.

நெடுங்காலம் இத்தொழிலை வார்ப்பிரும்பும் எஃகும் பித்தளையும் அலுமினியமும் செய்துவந்தன; வளைந்தும் அசைந்தும் கொடுக்கவேண்டிய இடங்களில் ரப்பர்க் குழாய்கள் உதவின. உலோகக் குழாய்கள் உறுதியானவை. ஆயினும், அவை எடை மிக்கவை. பல கிளைகளாகப் பிரியும் வடிவில் அவற்றைச் செய்ய வளைத்தல், பற்றவைத்தல், கடைதல் எனப் பல வேலைகள் வேண்டும். இவ்விடத்தில்தான் பிளாஸ்டிக் உட்புகுந்தது.

அமெரிக்க நாட்டு டூபான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், 1935ஆம் ஆண்டில், வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியல் அறிஞரின் தலைமையில் நைலான் உருவாயிற்று. காலுறைக்கும் பல்துலக்கிக்கும் முதலில் பயன்பட்ட அப்பொருள், பின்னாளில் நுண்ணிய கண்ணாடி இழைகளைத் தன்னுள் ஏற்றுப் பொறியுறுப்புகளுக்கு உரிய வலிமையைப் பெற்றது. எஞ்சின் குழாய்களில் பயன்படும் நைலானில் நூற்றுக்கு முப்பது பங்களவு கண்ணாடி இழை கலந்திருப்பது வழக்கம். அதன் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதியே. உருக்கி அச்சில் செலுத்தினால், எத்துணைச் சிக்கலான வடிவத்தையும் அது சில நொடிகளில் ஏற்கும். அது துருப்பிடிப்பதில்லை, செய்யும் செலவும் குறைவு. காரின் எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும், புகையும் குறையும். ஆகவே, உலோகத்தை நீக்கிப் பிளாஸ்டிக்கை ஏற்றவர்கள் காரணமின்றி அவ்வாறு செய்தாரல்லர். அவர்கள் கண்ட நன்மைகள் மெய்யானவையே.

ஆனால், ஒரு பொருளின் தன்மையை முதல் நாளில் மட்டும் அளந்து முடிவு செய்தல் போதாது. நைலான் உருவாகும் முறையிலேயே அதன் குறையும் அடங்கியிருக்கிறது. அமிலம் ஒன்றும் அமீன் ஒன்றும் மாறி மாறிக் கைகோத்து நீண்ட சங்கிலியாகும்பொழுது நைலான் பிறக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் இணையுந்தோறும் ஒரு நீர் மூலக்கூறு பிரிந்து வெளியேறுகிறது. நீர் நீங்குவதால் உண்டான அப்பிணைப்பை, வெந்நீர் மீண்டும் வந்து அறுக்கவல்லது. சாதாரண வெப்பத்தில் இம்மாற்றம் மிக மெதுவாகவே நிகழும். நைலான் துணியை நீரில் துவைப்பதால் அது கெட்டுவிடுவதில்லை. நூறு பாகையை அண்டிய வெப்பத்தில், நீரும் கிளைக்காலும் ஆண்டுக்கணக்காக உள்ளே ஊடுருவிக்கொண்டிருந்தால், நெடுஞ்சங்கிலிகள் குறுஞ்சங்கிலிகளாக அறுபடுகின்றன. வெப்பம் ஒவ்வொரு பத்துப் பாகை உயரும்பொழுதும் இத்தகைய வேதிமாற்றத்தின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு இக்கால எஞ்சின்கள் முற்காலத்தவற்றைவிட மிகுந்த வெப்பத்தில் இயக்கப்படுகின்றன என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

வேறு துன்பங்களும் அக்குழாய்க்கு உண்டு. காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சின், ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் கொதிநிலையை நெருங்குகிறது. மாலையில் மீண்டும் குளிர்கிறது. ஒவ்வொரு முறையும் குழாய் விரிந்து சுருங்குகிறது. அலுமினியம் விரியும் அளவும் பிளாஸ்டிக் விரியும் அளவும் ஒத்திருப்பதில்லை. ஆதலின் அவை இரண்டும் சேரும் வாயில் இழுபறி உண்டாகிறது. உள்ளிருந்து அழுத்தம் தாக்குகிறது. வெளியிலிருந்து அதிர்வு தாக்குகிறது. எஞ்சினை நிறுத்தியவுடன் காற்றோட்டமும் நீரோட்டமும் ஓய்ந்துவிடுவதால், மூடிக்குள் அடைபட்ட வெப்பம் சிறிது நேரம் முன்னையினும் மிகுகிறது. நாள்தோறும் இவ்வாறு வாட்டப்பட்ட குழாய், மூங்கில்போல் வளைந்து கொடுத்த தன் இயல்பை இழந்து, காய்ந்த சருகுபோல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. வெளித்தோற்றத்திலோ பெரிய மாறுதல் ஒன்றும் தெரிவதில்லை. இதுவே இக்குறையின் கொடுமை.

இதற்குச் சிறந்த சான்று, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துப் போர்ஷே நிறுவனத்தின் கயென் என்னும் காரில் காணப்பட்டது. விளையாட்டுக் கார்களுக்குப் புகழ்பெற்ற அந்நிறுவனம், 2002ஆம் ஆண்டில் பாரிசு நகரக் கண்காட்சியில் இந்தப் பெருங்காரை அறிமுகம் செய்தது. அதன் 4.5 லிட்டர் எஞ்சினில் எட்டுச் சிலிண்டர்கள், ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல, இரு வரிசைகளாகச் சாய்ந்திருந்தன. வரிசைக்கு நான்காக நின்ற சிலிண்டர்களுக்கு இடையே ஒரு பள்ளம் உண்டு. கூலண்ட் செல்லும் பிளாஸ்டிக் குழாய்கள் சில அப்பள்ளத்தில் கிடத்தப்பட்டன. அவற்றின் மேல், காற்றை எஞ்சினுக்குள் செலுத்தும் குழாய்த்தொகுதி கூரைபோல் அமைந்திருந்தது. கீழும் இருபுறமும் கொதிக்கும் உலோகம், மேலே மூடி. பிளாஸ்டிக்குக்கு இதனினும் கடிய இடம் ஒன்றை அந்த எஞ்சினில் காண்பது அரிது.

ஆண்டுகள் சில சென்றபின், பல கார்களில் அக்குழாய்கள் நொறுங்கி வெடித்தன. கசிந்த நீர்மம் பள்ளத்தில் தேங்கி, அங்கேயே பொருத்தப்பட்டிருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரை நனைத்தது. பின்புறமாக வழிந்து, எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் இடத்திலும் இறங்கியது. குழாயின் விலை பெரிதன்று. ஆனால் அதனை மாற்றுவதற்கு எஞ்சினின் மேற்பகுதியைக் கழற்றவேண்டும். அவ்வேலைக்குச் செலவாகும் காலமும் கூலியும் பெரியன. பின்னர் அந்நிறுவனமே பிளாஸ்டிக்கிற்கு மாற்றாக அலுமினியக் குழாய்களை வழங்கியது. அவற்றைப் பொருத்திய கார்களில் பிளாஸ்டிக் நொறுங்கும் அத்தொல்லை அகன்றது. பழைய உலோகமே மீண்டும் வந்து தன் இடத்தைப் பெற்றது.

இச்செய்தி பட்டறையோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் கயென் காரின் உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் தொடுத்த வழக்குகள் 2011ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் ஒருங்கு சேர்க்கப்பட்டன. கொதிக்கும் எஞ்சினுக்குள் காலப்போக்கில் சிதையக்கூடிய பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது தவறு என்பது வழக்காடியோர் கூற்று. இறுதியில் அவ்வழக்குகள் இருதரப்பு உடன்பாட்டினால் முடிவுற்றன. அந்நாட்டில் அக்காருக்கு நான்கு ஆண்டுகள் அல்லது 50,000 மைல் வரையே நிறுவனம் உத்தரவாதம் அளித்திருந்தது. குழாயோ அவ்வெல்லையைக் கடந்த பின்னரே வெடிக்கக்கூடியது. ஆகவே, முதலில் வாங்கியவர் விற்றுவிட்டுச் சென்றபின், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கியவர் தலையிலேயே செலவு விழுந்தது. பொருளைச் செய்யும்பொழுது மிச்சமான சிறுதொகை, வேறொருவர் பின்னாளில் செலுத்தும் பெருந்தொகையாக மாறுமானால், அதனைச் சிக்கனம் என்று கூறுதல் பொருந்துமா? அவ்வழக்குகளின் அடியில் நின்ற வினா இதுவே.

இக்குறை ஒரு நிறுவனத்திற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் கார்களில், 5.0 லிட்டர் எட்டுச் சிலிண்டர் எஞ்சினிலும் 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் உள்ள பிளாஸ்டிக்கால் ஆன கிளைக்குழாய்களும் இத்தகைய தொல்லையைத் தந்துள்ளன. அவை இரு பாதிகளாக வார்க்கப்பட்டு, பின்பு ஒட்டி இணைக்கப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விணைப்புக் கோட்டிலேயே பிளவு தோன்றும். துணி கிழிவதற்குத் தையலை நாடுவதுபோல, முறிவும் தனக்கு எளிய இடத்தை நாடுகிறது. அக்கார்களுக்கும் அலுமினியத்தாலான மாற்றுக் குழாய்களைச் செய்து விற்போர் தோன்றியுள்ளனர்.

குழாயின் வெடிப்பு பல வேளைகளில் மயிரிழை போன்ற கீறலாகத் தொடங்கும். அதன் வழியே துளித்துளியாகக் கசியும் நீர்மம், சூடான உலோகத்தின் மீது பட்டு ஆவியாகிவிடுவதால், கார் நின்ற இடத்தில் ஈரம்கூடத் தோன்றாமல் இருக்கலாம். இனிய மணம் ஒன்று மட்டும் எஞ்சினருகே வீசும். அது சூடான கிளைக்காலின் மணம். கலத்திலுள்ள நீர்மத்தின் அளவு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறையும். இவை முதல் அறிகுறிகள். இவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டால், ஒருநாள் விரைந்து செல்லும்பொழுது குழாய் முற்றிலும் முறிந்து, நீர்மம் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். அப்பொழுது எஞ்சினின் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயரும். அலுமினியத் தலை வளைந்து, அதற்கும் சிலிண்டர்களுக்கும் இடையேயுள்ள தகடு பழுதுறும். பிஸ்டன்கள் இறுகிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஒரு குழாயோடு போயிருக்கவேண்டிய செலவு ஓர் எஞ்சினையே விழுங்கிவிடும். நடுச்சாலையில் வண்டி திடீரென ஆற்றலிழப்பதால் உள்ளே இருப்போர் உயிருக்கும் இடர் நேரலாம்.

ஆதலின், கார் ஓட்டுவோர் அறிந்திருக்கவேண்டிய கடமைகள் சில உள. நீர்மத்தின் அளவை அவ்வப்பொழுது எஞ்சின் குளிர்ந்த நிலையில் பார்த்தல் வேண்டும். அது காரணமின்றிக் குறையுமாயின், நீரை ஊற்றி நிரப்புவதோடு அமையாமல், கசிவின் இடத்தைத் தேடிக் காணுதல் வேண்டும். வெப்பம் காட்டும் முள் எல்லை கடந்தால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். நீர்மம் முற்றிலும் வெளியேறிவிட்டால், வெப்பத்தை அறியும் கருவி வெறுங்காற்றில் நின்று தவறான அளவைக் காட்டுவதும் உண்டு. ஆகவே, முள் தாழ்ந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஓட்டுதல் பேதைமை. எஞ்சின் சூடாக இருக்கும்பொழுது கலத்தின் மூடியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது. அழுத்தம் நீங்கியவுடன் நீர்மம் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச்செய்துவிடும்.

இவ்வளவும் கேட்டபின் பிளாஸ்டிக்கை அடியோடு வெறுத்தல் முறையன்று. காரின் உள்ளும் புறமும் எண்ணற்ற இடங்களில் அது குறைவின்றி உழைக்கிறது. பிளாஸ்டிக்குகளுள்ளும் வகைகள் பல. பாலிஃபினிலீன் சல்ஃபைடு போன்றவை வெந்நீரையும் கிளைக்காலையும் நைலானைவிட நெடுங்காலம் தாங்கவல்லவை. ஆனால் அவற்றின் விலை மிகுதி. உலோகத்திற்கும் குறைகள் உண்டு. தக்க மருந்து கலவாத நீரில் அலுமினியமும் அரிக்கப்படும். ஆகவே, குற்றம் பொருளின் மேலதன்று. பொருளும் இடமும் பொருந்தாமையின் மேலது. எளிதில் எட்டக்கூடிய இடத்திலுள்ள உறுப்பு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவதாக இருப்பினும் கேடில்லை. எஞ்சினைப் பிரித்தாலன்றி எட்டமுடியாத இடத்திலுள்ள உறுப்போ, எஞ்சினின் வாழ்நாள் முழுவதும் தாங்குவதாக இருத்தல் வேண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு ஓர் உறுப்பு மறைந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அது உறுதியுடையதாதல் வேண்டும். பொறியமைப்போர் மறவாது போற்றவேண்டிய நெறி இதுவாகும்.

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அழகைச் சேர்த்தல் எளிது. வாங்குவோர் தொட்டுப் பார்க்கும் இருக்கையிலும், கை வைக்கும் சக்கரத்திலும் எவரும் குறை வைப்பதில்லை. எவரும் காணாத இடத்தில், பத்தாண்டு கழித்து முன்பின் அறியாத ஒருவர் அக்காரில் குடும்பத்தோடு செல்வார் என்பதை எண்ணி, நல்ல பொருளைத் தேர்ந்து வைப்பதே உண்மையான தொழிலறம். வீடு கட்டுவோருக்கும் பாலம் அமைப்போருக்கும் மருந்து செய்வோருக்கும் இவ்வறம் பொதுவானது. சுவரின் வண்ணத்தை அனைவரும் பார்ப்பர். அடித்தளத்தின் கல்லைப் பார்ப்பார் இலர். ஆயினும் வீட்டைத் தாங்குவது வண்ணமன்று.

இன்று பள்ளியில் பயிலும் மாணவருள் நாளைய பொறியாளர் பலர் உளர். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்பொழுது, ‘இது இன்று எத்துணை வலிமை உடையது?’ என்று மட்டும் வினவாமல், ‘இது வாழப்போகும் இடம் எது? பத்தாண்டு கழித்து இது எந்நிலையில் இருக்கும்? இது கெட்டால் துன்புறுவோர் யார்?’ என்றும் அவர்கள் வினவுவாராக. அவ்வினாக்களுக்கு நேர்மையான விடை காண்பவர் அமைக்கும் பொறி, வழியில் எவரையும் கைவிடாது.